நலம் வேண்டுவோர் பட்டியல்

டிசம்பர் வெள்ளி. தண்டர் பேயில்
நாலரைக்கெல்லாம் வெளிச்சம்
கடையைக் கட்டிவிடும்.
ஏரிக்கரைத் தானியக் கிடங்குகள்
ஒவ்வொன்றாய்ச் சாம்பலுக்குள் போக,
முழங்கால்களுக்கு நடுவே
ஊறவைத்த மீன் போத்தலை இறுக்கிப் பிடித்து
பேருந்து ஓட்டுநரை மனசுக்குள் விரட்டினேன்.
ஜூனில் இதே விளக்கு
பத்து மணிவரை காத்திருக்கும்.
ஜூனில் வந்திருக்கலாம்.

நாலு வருஷம் கால்கரியில்.
சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது.
வெள்ளிதோறும் சூரியன் இறங்கும்,
நான் பாத்திரம் கழுவுவேன்.
மெழுகுவர்த்தி, மின்சாரம் போனால் மட்டும்.

கோபத்தில்தான் போனேன்.
கூரைக்கென்று சேர்த்த பணத்தில்
பியானோ வாங்கலாமா என்று வாக்கெடுப்பு.
ஆறுக்கு ஐந்து.
நான் ஐந்தில் ஒருத்தி.
அதே வாரம் வயிற்றில் அறுவை.
தையல் பிரித்த மறுநாள்
யாரிடமும் சொல்லாமல் ரயிலில்லாத ஊரிலிருந்து
பஸ் பிடித்தேன்.

மூடிப்போன தளவாடக் கடை, அதன் மாடி.
படியெல்லாம் உப்பு, பனிச்சேறு.
பத்துப் பேருக்கு ஓராள் குறையும்,
நான் நுழைய எண்ணிக்கை நிறையும்,
யாராவது அழுவார்கள் என்று
வழியெல்லாம் ஒரு நாடகம் போட்டிருந்தேன்.

உள்ளே பதினான்கு பேர்.

கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த இடத்தில் எல்லோரும்
வாசல் பக்கம் திரும்பித் தலை தாழ்த்துவார்கள்,
ஷபாத் மணப்பெண்ணாய் வருகிறாள் என்று.
வாசலில் நான்,
கோட்டும் போத்தலும் வழியும் மூக்குமாக.
அந்த வணக்கம் எனக்கல்ல.
கதவோரம் ஒண்டி நின்றேன்,
அவள் நுழைய இடம் விட்டு.

"கதவைச் சாத்து, குளிருது"
என்றாள் பெய்லா லுபார்ஸ்கி.
வரவேற்பு முடிந்தது.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் புதுசு.
ஒருவன் என் நாற்காலியில்.
வாளி அதே இடத்தில், அதே சொட்டுக்குக் கீழே.
பியானோவைத்தான் நகர்த்தியிருந்தார்கள்.

பிறகு ஜெல்மன் குட்கின்
புத்தகத்திலிருந்து ஒரு தாளைப் பிரித்தார்,
மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட தாள்.
நோயுற்றோர் பெயர்கள், தாயின் பெயரோடு.
தோவிட், கிட்டலின் மகன்.
மால்கா, ரோசாவின் மகள்.
ஷிஃப்ரா, டெவோராவின் மகள்.

நான்.
என் அம்மா.

தடுக்காமல் வாசித்தார்,
உருவேறிய வேகத்தில்.
பார்த்தேயிராத ஒரு வயிற்றுக்கு
அந்த மூன்று பிள்ளைகளும் ஆமென் சொன்னார்கள்.

இருநூறு வெள்ளிக்கு மேல் வரும்.
நான் அங்கே வெங்காயம் நறுக்கியபடி
இவர்களைத் திட்டிய அத்தனை மாலையும்
இங்கே இந்தத் தாள் பிரிந்திருக்கிறது.
பியானோவுக்குக் கை தூக்கியவர் வாயால்.

மேஜையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"எனக்கு எப்பவோ சரியாயிடுச்சு, ஜெல்மன்."
"சொல்லக்கூடாதா?"
"பேரை அடிச்சிடுங்க."

அவர் இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.
காரில் வருவார், பேனா தொடமாட்டார்,
எங்கள் ஊர்ச் சட்டம் அப்படி.
இன்று எழுதவும் கூடாது,
எழுதியதை அழிக்கவும் கூடாது.
"நாளைக்கு மூணு நட்சத்திரம் தெரியட்டும்.
காலையில இன்னொரு தடவை வாசிக்கிறதால
உனக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது."

ரொட்டியின் அடி கருகியிருந்தது,
பெய்லா சுட்டது, என்றைக்கும் போல.
மீன் போத்தலின் மூடி எனக்குத் திறக்கவில்லை.
கை மாறிக் கை மாறி
என் நாற்காலிக்காரன் திறந்தான்.

வாளியில் ஒரு சொட்டு.
நாளைக் காலைவரை நான் நோயாளிதான்.
சீக்கிரம் எழ வேண்டும்,
அந்தப் பையனுக்கு முன்னால் போய்
உட்கார.